ரேஷன் 1945இல் முடியவில்லை

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டனில் தட்டுப்பாடும் தீர்ந்துவிட்டது என்று நான் படித்த ஒரு கட்டுரை போகிற போக்கில் சொல்கிறது. அது சரியல்ல. 1940 ஜனவரியில் வெண்ணெய், சர்க்கரை, பன்றி இறைச்சியோடு தொடங்கிய உணவு ரேஷன் 1954 ஜூலையில்தான் முழுமையாக ஒழிந்தது. போர் நடந்தபோதுகூடத் தாராளமாகக் கிடைத்த ரொட்டிக்கு, வெற்றி பெற்ற மறு ஆண்டு ரேஷன் வந்தது! 1948 வரை அது நீடித்தது. தேநீர் இல்லாமல் பொழுது விடியாத நாட்டில், போர்க்காலத்தில் ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ் தேயிலை, அதாவது சுமார் 57 கிராம். (எங்கள் வீட்டில் இரண்டு நாளைக்குக் காணாது.) கடையில் ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே அளவு என்பது உண்மைதான், ஆனால் ஓட்டல் சாப்பாட்டுக்கு ரேஷன் அட்டை தேவையில்லை, வசதியுள்ளவர்கள் அங்கே போனார்கள். வரிசையில் நின்று சலித்த இல்லத்தரசிகளின் கோபம் 1950, 1951 தேர்தல்களில் அப்போது ஆட்சியிலிருந்த தொழிற்கட்சியைப் பதம் பார்த்தது. கட்டுரையாளர் அதை ஏன் விட்டார்?