கொண்டாட்டம் மட்டுமே நடக்கவில்லை

ஈராக்கின் முன்னாள் அதிபர் சதாம் உசேன் தூக்கிலிடப்பட்டதும் ஈராக்கே தெருவில் இறங்கிக் கொண்டாடியது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாக்தாதில் ஷியா முஸ்லிம்கள் வாழும் சதர் சிட்டியில் ஆடினார்கள், வானத்தை நோக்கிச் சுட்டார்கள், உண்மைதான். ஆனால் சுன்னி முஸ்லிமான சதாமின் சொந்தப் பகுதியான திக்ரித்தில் கண்ணீரும் கோபமும்தான் இருந்தன. அன்று 2006 டிசம்பர் 30, சுன்னி முஸ்லிம்களுக்கு ஹஜ்ஜுப் பெருநாள். அந்த விடியற்காலையைத் தேர்ந்தெடுத்ததை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

திருட்டுத்தனமாக எடுத்த கைப்பேசிக் காணொளியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கழுத்தில் கயிறு விழுந்த பிறகும் சுற்றி நின்றவர்கள் "முக்ததா, முக்ததா" என்று ஷியா மதகுரு முக்ததா அல்-சதரின் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். சாகப்போகும் மனிதனை விட்டுவிடுங்கள் என்று ஒரு குரல் கெஞ்சுகிறது. சதாம் இரண்டாம் முறை கலிமா எனும் இறைநம்பிக்கை உறுதிமொழியைச் சொல்லி முடிப்பதற்குள் பலகை விலகிவிடுகிறது. நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றும் இடமா அது? பழிதீர்க்கும் கூட்டமாகவே எனக்குத் தெரிந்தது. சதாம் கொடுங்கோலர் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

சதாம் ஆட்சியில் கொன்றுகுவிக்கப்பட்ட ஈராக்கின் குர்து இன மக்களின் வருத்தத்தைக் கட்டுரை தொடவே இல்லை. சதாம் தூக்கிலேறியது 1982இல் ஷியா ஊரான துஜைலில் 148 பேரைக் கொன்ற வழக்கில். குர்துகளைக் கொன்றொழித்த அன்ஃபால் ராணுவ நடவடிக்கை பற்றிய வழக்கு அப்போது பாதியில்தான் நின்றது. 1988இல் குர்து நகரமான ஹலப்ஜாவில் நச்சுவாயுவால் சுமார் 5,000 பேரைக் கொன்றதற்கு அவர் ஒருநாளும் கூண்டில் ஏறிப் பதில் சொல்லவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்தத் தாய்மார்கள் கேட்க வேண்டிய கேள்விகளை அவரோடு சேர்த்துப் புதைத்துவிட்டார்கள். அப்படி என்ன அவசரம்?