“டென்ஷன் நெஞ்சுவலிதான், ஈசிஜி நார்மல்” என்றால் போதுமா?

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மறுபடியும் அந்த ஃபார்வர்டு: டென்ஷனால் வரும் நெஞ்சுவலி இதயத்தை ஒன்றும் செய்யாதாம், ஒரு ஈசிஜி நார்மல் என்றால் டாக்டரே வேண்டாமாம். இரண்டுமே தவறு.

சாதாரண ஈசிஜி பதிவது சுமார் 10 விநாடிதான். ராத்திரி 2 மணிக்கு வந்துபோன படபடப்பு காலை 10 மணிக்கு எடுத்த தாளில் எப்படித் தெரியும்? அதற்குத்தான் மார்பில் ஒட்டி 24 மணி நேரம் மாட்டிவிடும் ஹோல்டர் கருவி. மாரடைப்பிலேயே கூட முதல் ஈசிஜி சரியாக இருக்கலாம், அதனால்தான் இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேரம் விட்டுத் திரும்பவும் செய்கிறார்கள்.

அப்புறம், டென்ஷன் இதயத்தைத் தொடாது என்பது. 1990-ல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்த டகோட்சுபோ என்ற பாதிப்பு, நெருங்கியவரின் சாவு போன்ற பேரதிர்ச்சிக்குப் பிறகு, பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வருகிறது. இதயத்தின் இடது கீழறை ஆக்டோபஸ் பிடிக்கும் பானை மாதிரி உப்பிவிடும், பெயரும் அந்தப் பானையுடையதுதான்.

படபடப்பில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை, சரி. தைராய்டு, ரத்தசோகையாகவும் இருக்கலாம். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர், சித்தப்பா அல்ல. வலி கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்துக் கொட்டினால் பெருங்காயத் தண்ணீர் கலக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.