என் அக்கா நேற்று வாங்கிய புத்தகம்

தைவானில், ஷின்சூவில் நான் குடியிருக்கும் வீட்டுக்காரம்மாவின் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஜனவரியில் கல்லூரி நுழைவுத் தேர்வு. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் என்னோடு உட்கார்ந்து ஆங்கிலம் படிப்பாள். சம்பளம் கிடையாது. கொய்யாப்பழம் வரும், சில நாள் ஒரு தட்டு மீஃபன், அதாவது அரிசி நூடுல்ஸ், வரும். என்னை 'ஷூஷூ' என்று கூப்பிடுவாள். பக்கத்து வீட்டு அங்கிளுக்கு இங்கே அதுதான் சொல்.

ஆறு மாதம் ஆகிவிட்டது. இலக்கணத்துக்குத் தனி வகுப்பு, பத்தி படித்துப் பதில் சொல்வதற்குத் தனி வகுப்பு என்று பிரித்து வைத்தவர்கள்மீது எனக்கு ஆறு மாதமாகக் கோபம்.

முதல் நாள் அவள் காட்டிய இலக்கணத் தாளில் நாற்பதுக்கு முப்பத்தெட்டு. கோடிட்ட இடங்கள் எல்லாம் சரி. அதே பெண் அரைப் பக்கப் பத்தி ஒன்றைப் படித்துவிட்டு, யார் யாரிடம் கடன் வாங்கினார் என்று கேட்டால் முழிக்கிறாள். எப்படி என்று பார்த்தேன். டியூஷனில் சொல்லிக்கொடுத்தது இதுதான்: 'யெஸ்டர்டே' கண்ணில் பட்டால் இறந்தகாலம் போடு, 'சின்ஸ்' பட்டால் 'ஹேவ்' போடு. அவளும் துப்பறிவாளர் மாதிரி அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்துக் கோட்டை நிரப்பிவிடுகிறாள். வாக்கியத்தைப் படிப்பதே இல்லை.

அவளைக் குறை சொல்ல முடியாது. சீன வினைச்சொல் காலத்துக்காக உருமாறாது. 'ச்சூ' என்றால் போவது. நேற்றைக்கும் ச்சூ, நாளைக்கும் ச்சூ. நேற்று என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் போதும், கேட்பவருக்குப் புரிந்துவிடும். செயல் முடிந்துவிட்டது என்று காட்ட 'ல' என்று ஒரு ஒட்டு உண்டு. ஆனால் அதுவும் நாம் நினைக்கிற காலம் இல்லை. இப்படி வளர்ந்த பிள்ளைக்கு, ஆங்கிலப் பத்தியில் வினைச்சொல்லின் வாலில்தான் கதை இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டாமா?

நானே ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். மீனவர் துறைமுகத்துக்கு வந்தபோது 'தி போட் ஹேட் லெஃப்ட்'. படகு கிளம்பியதை அவர் பார்த்தாரா? 'பார்த்தார்' என்றாள். 'ஹேட்' அவள் கண்ணுக்குத் தெரியவே இல்லை. அதே 'ஹேட்' கோடிட்ட இடத்தில் கேட்டிருந்தால் சரியாக எழுதியிருப்பாள்! சரி, இதைச் சீனத்தில் சொல் என்றேன். யோசித்துவிட்டு 'யிஜிங்' சேர்த்தாள், 'ஏற்கெனவே' என்று அர்த்தம். உடனே தலையில் கை வைத்துக்கொண்டாள். அன்றையிலிருந்து எந்தப் பத்தியில் 'ஹேட்' வந்தாலும் பென்சிலால் வட்டம் போட்டு மேலே 'யிஜிங்' என்று எழுதுகிறாள்.

இதைவிடப் பெரிய சிக்கல் நீள வாக்கியம். இங்கேதான் எனக்கே ஒரு ஆச்சரியம் கிடைத்தது. 'தி புக் தட் மை சிஸ்டர் பாட் யெஸ்டர்டே இஸ் மிஸ்ஸிங்' என்று ஒரு வாக்கியம். அவள் 'அக்காவைக் காணோம்' என்று புரிந்துகொண்டாள். சீனத்தில் எழுதிப் பார்த்தோம்: வோ ஜியேஜியே, ஸுவோதியென், மாய் த, ஷூ, புஜியென் ல. ஒவ்வொன்றுக்கும் கீழே தமிழை எழுதினேன். என் அக்கா, நேற்று, வாங்கிய, புத்தகம், காணாமல் போனது. ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. 'மாய்' என்றால் வாங்கு, அதோடு 'த' சேர்ந்தால் வாங்கிய. பள்ளியில் தமிழய்யா உயிரை வாங்கிய பெயரெச்சம், ஷின்சூவில் ஒரு சமையலறை மேசையில் வந்து உட்கார்ந்திருக்கிறது!

நம் இரண்டு மொழியிலும் விவரம் எல்லாம் முன்னால் வந்து, புத்தகம் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் புத்தகம் முதலில், விவரம் அதன் பின்னால் ரயில்பெட்டி மாதிரி. பெட்டி நீண்டுபோனால் எஞ்சின் எது என்று மறந்துவிடும். இப்போது அவளுக்கு நான் கொடுக்கும் பயிற்சி ஒன்றே ஒன்று. வாக்கியத்தின் முக்கிய வினைச்சொல்லைப் பிடி, அதைச் செய்தது யார் என்று பிடி, 'தட்', 'விச்', 'ஹூ' வந்தால் அடைப்புக்குறி போட்டு மூடு. அப்புறம் 'இட்' வரும் இடத்திலெல்லாம், அது எதைச் சொல்கிறதோ அதற்கு ஒரு அம்புக்குறி. ஒரு சனிக்கிழமைக்கு ஒரு பத்திதான். ஆப்ஷன்களைப் பார்க்கவே கூடாது.

வீட்டுக்காரம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. டியூஷனில் ஒரு மணி நேரத்துக்கு ஐந்து பத்தி முடிக்கிறார்களாம். முடிக்கிறார்கள்தான். கேள்வியை முதலில் படி, அதே சொல் பத்தியில் எங்கே இருக்கிறது என்று தேடு, அந்த வரியை ஒட்டிய ஆப்ஷனைத் தட்டு என்பது அவர்கள் முறை. கேள்வி தயாரிப்பவருக்கு இந்தத் தந்திரம் தெரியாதா என்ன? சரியான விடையை வேறு சொல்லில் எழுதிவிட்டு, பத்தியில் இருக்கும் அதே சொல்லைத் தப்பான ஆப்ஷனில் வைத்துவிடுவார். அதுவும் போக, இந்தத் தேர்வில் 100 மதிப்பெண்ணில் மொழிபெயர்ப்புக்கு 8, கட்டுரைக்கு 20. அங்கே தட்டுவதற்கு ஆப்ஷன் எது?

இங்கே வந்த புதிதில் ஒரு டியூஷன் சென்டரில் பகுதிநேர வேலை கேட்டுப் போயிருக்கிறேன். முகத்தைப் பார்த்துவிட்டு, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவரைத்தான் பெற்றோர் விரும்புவார்கள் என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்கள். அப்போது வலித்தது. இப்போது யோசித்தால், உச்சரிப்புக்கு அவர்கள் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் இந்தப் பிள்ளை எந்த வரியில் தடுக்கி விழும் என்று அந்தத் தாய்மொழிக்காரருக்குத் தெரியுமா? அவர் அங்கே விழுந்ததே இல்லையே. எட்டாம் வகுப்பில் நான் விழுந்த அதே இடம்.

நாங்கள் இருவரும் சேர்ந்து விழும் இடங்களும் உண்டு. 23 மில்லியன் என்று பத்தியில் வந்தால் அவள் பத்தாயிரம் பத்தாயிரமாக எண்ணுவாள், சீனக் கணக்கு அப்படி. நான் கோடி, லட்சமாக எண்ணுவேன். அவள் 2300 பத்தாயிரம் என்பாள், நான் 2 கோடியே 30 லட்சம் என்பேன். கால்குலேட்டரை எடுத்த பிறகுதான் இரண்டும் ஒன்று என்று நம்புவோம்.

'ஹி', 'ஷி' குழப்பம் மட்டும் அவளுக்கே உரியது. பேச்சில் அவன், அவள், அது மூன்றுக்கும் 'தா' ஒன்றுதான். 'மை மதர், ஹி இஸ் அ நர்ஸ்' என்று சொல்லிவிட்டுத் தானே நாக்கைக் கடித்துக்கொள்வாள். எழுதும்போது தப்பு வருவதில்லை, எழுத்தில் மூன்றும் வேறு வேறு. அதனால் நான் திருத்துவதை நிறுத்திவிட்டேன்.

'தி' எங்கே வரும், 'அ' எங்கே வரும் என்று கேட்டு எழுதாதீர்கள். அவள் மொழியிலும் கிடையாது, நம் மொழியிலும் கிடையாது. போன வாரம் அவள் கட்டுரையில் நான் மூன்று 'தி' சேர்த்தேன். திங்கட்கிழமை அவள் பள்ளி ஆசிரியை அதில் இரண்டை அடித்துவிட்டார்.