‘அத்திவாரம்’ பிழையான சொல் அல்ல

“யாழ்ப்பாணத்தார் சொல்லும் ‘அத்திவாரம்’ பிழை, ‘அஸ்திவாரம்’ என்பதே சரி. பழைய நாளில் அத்தி மரக்கட்டை போட்டு வீடு கட்டியதால் வந்த திரிபு இது” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இதில் சொல்லப்படும் இரண்டு கூற்றுகளுமே தவறு.

மரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. வடமொழி ‘அஸ்தி’ என்றால் எலும்பு, ‘பாரம்’ என்றால் சுமை. ‘அஸ்திபாரம்’ என்று வந்த சொல்லின் வடவெழுத்தை நீக்கித் தமிழ் ‘அத்திவாரம்’ ஆக்கிக்கொண்டது. ‘அஸ்தமனம்’ அத்தமனம் ஆனதும், ‘வஸ்திரம்’ வத்திரம் ஆனதும் இதே வழியில்தான். வடசொல்லை வடவெழுத்து நீக்கி எடுத்தாளத் தொல்காப்பியமே இடங்கொடுக்கிறது. பிறகு இதில் பிழை எங்கே? உண்மையில் தமிழ் மரபோடு கூடுதலாக ஒட்டி நிற்பது நம் வடிவம்தான்.

ஊரில் “அத்திவாரம் வெட்டியாச்சோ?” என்றால் வாய்க்கால்போலக் கிடங்கு தோண்டியாயிற்றா என்று பொருள். கல்லும் சாந்தும் போட்டுச் சுவர் எழும்பும் மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகும் பெயர் அதுவே. காசு முட்டுப்பட்டு நின்றுபோன வீட்டை “அத்திவாரத்தோடை நிக்குது” என்பார்கள்.

அடிக்கல் வேறு. அது நல்லநாள் பார்த்து நாட்டும் முதற்கல். தனித்தமிழ்ச் சொல்தான் வேண்டும் என்பவர்கள் ‘கடைக்கால்’ என்றோ ‘அடித்தளம்’ என்றோ தாராளமாக எழுதலாம். ஆனால் பிள்ளைகளின் கொப்பியில் ‘அத்திவாரம்’ என்றிருந்தால் தயவுசெய்து சிவப்புக் கோடு போடாதீர்கள்.