கார் ஆயிலை பைக்குக்கு ஊற்றலாமா?

"10டபிள்யூ-30 என்று போட்டிருந்தால் போதும், கார் ஆயிலையே பைக்குக்கும் ஊற்றலாம், ஆயில் ஃபில்டரைக் காற்றடித்துத் திரும்ப மாட்டலாம்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு. நம்பி கிளட்சைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த எண் ஆயிலின் பிசுபிசுப்பை மட்டுமே சொல்லும். பெரும்பாலான கியர் பைக்குகளில் என்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். கிளட்ச் பிளேட்டுகள் அதில் நனைந்தபடியே ஒன்றையொன்று பிடிக்க வேண்டும். மைலேஜுக்காக உராய்வைக் குறைக்கும் ரசாயனம் பல கார் ஆயில்களில் உண்டு. அது அந்தப் பிடியைத் தளர்த்திவிடும். ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் என்ஜின் அலறும், வண்டி வேகமெடுக்காது.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 'ஜாசோ எம்ஏ' (JASO MA) அல்லது 'எம்ஏ2' (MA2) என்று இருக்க வேண்டும். ஜாசோ என்பது பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரக்குறியீடு. 'எம்பி' (MB) என்பது உராய்வு குறைந்த ரகம். கிளட்ச் ஆயிலில் நனையாத ஸ்கூட்டர்களுக்கானது. கியர் பைக்குக்கு வேண்டவே வேண்டாம். பிசுபிசுப்பு எண்ணை வண்டியோடு வந்த கையேட்டில் பார்த்து வாங்குங்கள்.

ஃபில்டர் விஷயம்: காகித மடிப்புகளுக்குள் சிக்கிய துகள் காற்றடித்தால் முழுதாக வெளியேறாது, காகிதமும் கிழியலாம். புதிதாகத்தான் மாற்ற வேண்டும். சில வண்டிகளில் இருக்கும் கம்பிவலையை மட்டும் கழுவி மாட்டலாம்.