விபுலானந்தர் ஊருக்குப் போய் பிள்ளைகள் என்னத்தைக் கண்டார்கள்?

கல்விச் சுற்றுலா என்று பெயர் வைத்துப் பிள்ளைகளை ஏமாற்றியதில் வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. தரம் 10 பிள்ளைகளுக்குத் துணையாகப் பெற்றோரும் சிலர் வரவேண்டும் என்றார்கள், போனேன். பாடசாலை அனுப்பிய கடிதத்தில் யாழை ஆராய்ந்த தமிழறிஞர் சுவாமி விபுலானந்தர் பிறந்த காரைதீவைப் பார்ப்பதுதான் நோக்கம் என்று எழுதியிருந்தது. அதை நம்பித்தான் கூலி வேலைக்குப் போகிற தாய்மாரும் கடன்பட்டுக் காசு கட்டினார்கள்.

காலையில் மட்டக்களப்பு வாவிக்கு மேலே உள்ள கல்லடிப் பாலத்தைத் தாண்டினோம். அவருடைய சமாதி இருப்பது கல்லடியில்தான். அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலயமும் அங்கேதான். வாவியில் மீன் பாடுவதைக் கேட்டு 'நீரர மகளிர்' என்று கவிதை எழுதினாரே, அந்த வாவிக்கு மேலேதான் பஸ் போகிறது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. சவுண்ட் செட்டில் சினிமாப் பாட்டு காதைப் பிளந்தது.

காரைதீவில் அரை மணித்தியாலம்கூட நிற்கவில்லை. சிலைக்கு முன்னால் பதாகையைப் பிடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். "கெதியா ஏறுங்க புள்ளைகள், நேரம் போகுது" என்று ஒரே விரட்டல். ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், யாழ் எண்டா வீணையா?" பொறுப்பாசிரியர் சொன்ன பதில்: "அதெல்லாம் சோதினைக்கு வராது, ஏறு."

என்ன பதில் இது! எவ்வளவு நல்ல கேள்வி! யாழ் வேறு, வீணை வேறு. யாழில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனி நரம்பு. வழக்கொழிந்துபோன அந்தக் கருவியைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை வைத்தே ஆராய்ந்து மீட்டவர் இந்த ஊரில் 1892இல் மயில்வாகனம் என்ற பெயரோடு பிறந்த விபுலானந்தர். அந்த ஆராய்ச்சியை எழுதிய 'யாழ் நூல்' 1947 ஜூனில் அரங்கேறியது, அடுத்த மாதமே கண்ணை மூடிவிட்டார். அதே ஊரில் கண்ணகை அம்மன் கோயில் இருக்கிறது. வைகாசியில் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கு நடக்கிறது. சிலம்பின் நாயகியை இன்றைக்கும் தாயாகக் கும்பிடுகிற ஊரில் பிறந்தவர் சிலம்புக்குள்ளேயே யாழைத் தேடினார் என்று சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை வாழ்நாளுக்கும் மறப்பாளா? இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். ஊரில் ஒரு பெரியவரைக் கேட்டிருந்தால் அவரே ஆசையோடு சொல்லியிருப்பார்.

நேரமில்லையாம். சரி, பிறகு எங்கே போனோம்? ஒலுவிலில் ஒரு நிறுத்தம், அப்புறம் பொத்துவில் தாண்டி அறுகம்பை. மத்தியானம் முழுவதும் கடல்தான். அதற்கு மட்டும் நேரம் தாராளமாக இருந்தது. பிள்ளைகள் கடலில் குளிப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதற்கென்று ஒரு நாள் வைத்துக் கூட்டிப் போகட்டும். விபுலானந்தர் பெயரைச் சொல்லிக் காசு வாங்காதீர்கள்!

இப்போது 'நான் சென்ற கல்விச் சுற்றுலா' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். என் மகன் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கேட்கிறான், காரைதீவைப் பற்றி என்னம்மா எழுதுவது என்று. பெற்றோர் கூட்டத்தில் எழும்பிக் கேட்கத்தான் போகிறேன். கட்டின காசைத் திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் விஷயம் தெரிந்த ஒருவரோடு இந்தப் பிள்ளைகளைக் கல்லடிக்கும் காரைதீவுக்கும் மட்டும் இன்னொரு நாள் கூட்டிப் போங்கள்.