போனஸும் ஐந்து தலையும்

(காங்கயம் பக்கம் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலம். கிளுவை வேலி ஓரம் வெள்வேல மர நிழலில் அப்புச்சி. பக்கத்தில் ஒன்பதாவது படிக்கும் மகள்வழிப் பேரன், முழங்காலில் மஞ்சள் பற்றோடு நோட்டில் எழுதுகிறான்.)

அப்புச்சி: ஏன் கண்ணு, ஞாயிற்றுக்கிழமையில் நோட்டும் கையுமாக?

பேரன்: நேற்று கபடியில் தோற்றோமல்லங்க? ஏன் தோற்றோம் என்று ஆளுக்கொரு பக்கம் எழுதி வரச் சொன்னார் பி.டி. சார்.

அப்புச்சி: நீ நாலாவது பக்கத்தில் இருக்கிறாயே!

பேரன்: காரணம் எச்சாக இருக்குதுங்க. முதலில் மேட். நாங்கள் மண்ணில் பழகினவர்கள். அப்புறம் வெயில்.

அப்புச்சி: அவர்களுக்கு மட்டும் குடை பிடித்தார்களாக்கும்?

பேரன்: அப்புறம் நடுவருங்க.

(நாலு பக்கத்தில் ஒன்றரைப் பக்கம் நடுவருக்கே போயிருந்தது.)

அப்புச்சி: நடுவர் எந்த ஊர்?

பேரன்: நம்ம ஊர்தானுங்க.

அப்புச்சி: அப்ப அதை அடித்துவிடு.

பேரன்: ஏனுங்க, இந்தியாவே தோற்கவில்லையா? ஆசிய விளையாட்டில் 1990-லிருந்து வரிசையாக 7 தங்கம். 2018-ல் ஜகார்த்தாவில் அரையிறுதியிலேயே ஈரான்காரன் 27-18 என்று மடக்கிவிட்டான்.

அப்புச்சி: அதே ஈரான்காரன் 2014 பைனலில் 2 பாயிண்டில் நம்மிடம் தோற்றான் என்று நீதானே போனில் போட்டுக் காட்டினாய்? அவனும் வெயிலைப் பற்றி எழுதிக்கொண்டா உட்கார்ந்திருந்தான்? சரி, கடைசியாகப் பாடப் போனது யார்?

பேரன்: ரெய்டுங்களா? (நோட்டை மூடுகிறான்) நான்தானுங்க.

அப்புச்சி: சொல்லு.

பேரன்: ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தோம். போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு கால் வைத்தால் சமம். வைத்தேனுங்க! பின்னங்கால் அந்தரத்தில் நிற்கிறது. கையைத் தூக்கி நம்ம ஊர் ஆட்களைப் பார்த்துச் சிரித்தேன்.

அப்புச்சி: அப்புறம்?

பேரன்: மூலையில் நின்றவன் கணுக்காலைப் பிடித்துவிட்டான்.

அப்புச்சி: போனஸ் கொடுத்தார்களா, இல்லையா?

பேரன்: எதிரில் 6 பேராவது இருந்தால்தானுங்க போனஸ். அங்கே 5 பேர்தான் இருந்தார்கள்.

அப்புச்சி: அடேய்! தினமும் பொழுதோடு 32 ஆட்டை எண்ணிப் பட்டிக்குள் விடுகிறவன், 5 ஆளை எண்ணத் தெரியாமலா போனாய்?

பேரன்: ஆடு ஒவ்வொன்றாகப் போகுதுங்க. அவர்கள் கையைக் கோர்த்துக்கொண்டு ஆடினார்கள்.

அப்புச்சி: கோர்த்து நின்றால் எண்ணுவது இன்னும் சுலபமல்லடா! எழுது: ‘5 பேர் இருக்கும்போது போனஸுக்குப் போனேன்.’

பேரன்: ஒரு பக்கம் கேட்டாருங்களே?

அப்புச்சி: பெரிய எழுத்தாக எழுது.

(ஐந்தாவது பக்கத்தில் எழுதுகிறான். ஒரு எழுத்து எலுமிச்சம்பழம் அளவு.)

பேரன்: நீங்கள் தோற்றதே இல்லீங்களா, அப்புச்சி?

அப்புச்சி: சடுகுடுவில் ஒரே ஒரு தடவை. பாடிக்கொண்டே போனேன், நடுவில் இருமல் வந்து பாட்டு அறுந்துவிட்டது. எல்லாம் அந்தப் பீடியால் வந்தது.

பேரன்: உடனே விட்டுவிட்டீங்களா?

அப்புச்சி: பின்னே? அன்றைக்கே சடுகுடுவை விட்டுவிட்டேன்.

(பொழுது சாய்கிறது. பேரன் நோட்டை மரத்தடியில் போட்டுவிட்டுப் பட்டிப் படலைத் திறக்கிறான்.)

பேரன்: முப்பது... முப்பத்தொன்று. ஒன்று குறையுதுங்க.

அப்புச்சி: சரியாக எண்ணு சாமி. நேற்று எண்ணின மாதிரி எண்ணாதே.

பேரன்: எண்ண வேண்டியதே இல்லீங்க. கொம்பு உடைந்த கிடாய் அங்கே என் நோட்டைத் தின்கிறது!

அப்புச்சி: மேட், வெயில், நடுவர்தானே? தின்னட்டும் விடு.

பேரன்: (ஓடிப்போய்ப் பார்த்து) அதெல்லாம் அப்படியே இருக்குதுங்க. அஞ்சாவது பக்கம் மட்டும்தான் காணோம். சார் நம்பவே மாட்டாருங்க.

அப்புச்சி: நாளைக்குக் கிடாயையும் கூட்டிக்கொண்டு போ.